ஸ்டூடியோ சர்வருக்குள் ஒரு படம்

ஸ்டார்ட் ஆகாத மெஷினைக் கண்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும், கவலை பிறகுதான். மாத்தளை டவுன் போட்டோ ஸ்டூடியோவில் என்னைத் திருத்தக் கூப்பிட்ட அந்த சர்வரைப் பார்த்தபோதும் அப்படித்தான். கொழும்பில் ஏதோ கம்பனிக் கந்தோர் பழசென்று கழித்துவிட்டதை ஸ்டூடியோக்காரர் வாங்கி வந்து, எடுக்கிற படங்களையெல்லாம் அதற்குள் போட்டு வைத்திருந்தார். சுவிட்சைப் போட்டால் காற்றாடி சுழலும். ஸ்கிரீனில் ஒரு புள்ளி வராது. உள்ளேயிருந்து நீளமாக ஒரு பீப் சத்தம், கொஞ்சம் அமைதி, மறுபடியும் அதே சத்தம். "வாய மூடு சனியனே" என்று திட்டிக்கொண்டே மூடியைக் கழற்றினேன்.

"திட்டாதீங்க தம்பி. அதுக்குள்ளதான் எம் மவன் இருக்கான்."

பின்னால் பெஞ்சில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். பல்லேபொலைப் பக்கம் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். வடக்கில் ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை உச்சத்தில் இருந்த நாட்கள். கொழும்பில் கடை வேலைக்குப் போன அவருடைய மகனை ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. போகிற இடமெல்லாம், பொலிஸிலும் காம்ப் வாசலிலும், படம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறார்களாம். கறுப்பாக, ஒல்லியாக, உயரமாக இருப்பான் என்று ஒரு வாசலில் சொன்னதற்குச் சிரித்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும்போது இந்த ஸ்டூடியோவில் எடுத்த படம்தான் அவன் வளர்ந்த பிறகு எடுத்த ஒரே படம். பிரதிகள் முழுவதையும் அவனே கொண்டு போய்விட்டான். மிச்சம் இருந்தால் இந்த சர்வரில் இருக்க வேண்டும்.

அதைக் கேட்ட பிறகு நான் திட்டவில்லை.

முதல் சந்தேகம் பவர் சப்ளை மேல். பலாபத்வலையில் என் வீட்டில் நல்லதொன்று கிடந்தது. மறுநாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். செக் பொயின்ட்டில் பையைத் திறந்த ஆமிக்காரனுக்கு முகம் மாறிவிட்டது. இரும்புப் பெட்டி, அதிலிருந்து குடல் மாதிரித் தொங்கும் வயர்கள், கூடவே அடையாள அட்டையில் என்னுடைய தமிழ்ப் பெயர்.

"மேக்க மொகத்த?"

இது என்னவென்று கேட்டான். கம்பியூட்டர் சாமான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டினேன். பஸ் போய்விட்டது. வெயிலில் நிறுத்தி வைத்து, மேலதிகாரி வந்து பார்த்து, ஒருவழியாக விட்டார்கள். ஒரு துண்டு வயரோடு தமிழன் பஸ் ஏறக் கூடாத காலம். என் தொழிலோ வயரோடுதான். என்ன பிழைப்படா இது என்று அழுகை வந்தது.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோனதை மாட்டினால், அதே பீப் சத்தம்! பவரில் குற்றமில்லை. இனி ஒரே வழிதான்: எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, இல்லாமல் முடியாததை மட்டும் வைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. மெமரித் தகடுகளை வெளியே எடுத்து, பித்தளை நிறப் பல்லையெல்லாம் அழிறப்பரால் தேய்த்து, ஒன்றை மட்டும் செருகினேன். சத்தம். அதை எடுத்துவிட்டு அடுத்ததைச் செருகினேன். சத்தம் நின்றது. ஸ்கிரீனில் வெள்ளை எழுத்து ஓடியது. அன்றும் வந்து காத்திருந்த அக்கா பெஞ்சைவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

எழுத்து பாதியில் நின்றது.

"என்னா தம்பி சொல்லுது?"

"டிஸ்க்கக் காணோமாம் அக்கா."

"அதுவுமா காணோம்?"

நான் மெஷினுக்குள் குனிந்தேன். உள்ளே ஒரே மாதிரி இரண்டு டிஸ்க், ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும். ஒன்று காதை வைத்துக் கேட்டால் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அது முடிந்த கதை. மற்றதன் கேபிளை மாற்றிப் போட்டேன். மெஷின் முழுவதாக எழும்பியது. "அப்பாடா!" என்று கத்தியேவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஸ்டூடியோக்காரர் மட்டும் கிட்ட வரவில்லை. காலையிலிருந்து தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பதும் போவதுமாக இருந்தார்.

படங்கள் மாதவாரியாக இருந்தன. மகன் கொழும்புக்குப் போன மாதத்தைத் திறந்தேன். பூப்புனித நீராட்டு விழா, முஸ்லிம் பிள்ளைகளின் கத்னா வீடு, கிழவர்கள், குழந்தைகள். இளைஞன் ஒருவன்கூட இல்லை. முந்திய மாதத்திலும் இல்லை.

"நானா, இங்க வாங்க" என்று ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. "பொலிசால வந்து, தமிழ்ப் பொடியன்மார்ட படமெல்லாம் பார்க்கணும், நாளைக்கி வாறம்னு செல்லிட்டுப் போனாங்க தம்பி. காட்டிக் குடுக்க மனசு வரல்ல. பொடியன்மார்ட படம்னு மெசினுக்குள்ள ஈந்த எல்லாத்தையும் அழிச்சிட்டேன். இவங்கட மகன் அதுக்குப் பொறகு வந்து எடுத்திருப்பான், அவன்ட படம் ஈக்கும்னுதான் நெனச்சிட்டிருந்தேன். அல்லா மேல ஆணை."

அவரைத் திட்ட வாய் திறந்தேன். எதைச் சொல்லித் திட்டுவது? அந்த மனிதர் பிள்ளைகளைக் காப்பாற்றத்தானே செய்திருக்கிறார். அழித்ததைத் தோண்டி எடுக்கிற மென்பொருள் ஒன்று என்னிடம் இருந்தது. அதையும் ஓடவிட்டேன். அந்த இடத்திலெல்லாம் பிறகு எடுத்த கல்யாணப் படங்கள் ஏறிவிட்டிருந்தன. மணப்பெண்கள்தான் வந்தார்கள், மாலையும் சிரிப்புமாக, ஒருத்திக்குப் பிறகு ஒருத்தி. பார்க்கச் சகிக்காமல் ஸ்கிரீனை அணைத்தேன்.

அக்கா அழவில்லை. ஸ்டூடியோக்காரரைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கதானே மொதலாளி எடுத்தீங்க? ஒங்களுக்கு அவன் மூஞ்சி ஞாபகம் இருக்கா?"

அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, இல்லை என்றார்.

"எனக்கும் கொஞ்சங் கொஞ்சமா மறக்குதுங்க" என்றார் அக்கா. "அதுக்குத்தான் கேட்டேன்."