மொன்றியலில் பனியில்லை, வெள்ளவத்தையில் கோட்டு

“இருபத்துமூண்டு கிலோ பெட்டியில ஆறு கிலோ உங்கட கோட்டு அக்கா. அதுக்குப் பதிலா மிளகாய்த்தூள் கொண்டு போயிருந்தாலும் மகன் சந்தோஷப்பட்டிருப்பான்.”

என் சாப்பாட்டு மேசையில் இரண்டு கோட்டுகளையும் பொத்தென்று போட்டுவிட்டு சாந்தி இதைச் சொன்னாள். மொன்றியலில் மகனோடு ஒரு மாதம் நின்றவள் ஒரு பொத்தானைக்கூடப் பூட்டவில்லையாம். பனியை நான்தான் மறித்து வைத்தது போல ஒரு பார்வை வேறு.

குளிர் நாட்டுக்குப் போகிறவர்களுக்குக் கோட்டு இரவல் கொடுப்பது நன்றியை எதிர்பார்க்கக் கூடாத தொழில். பிள்ளைகளை அனுப்பிவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாரே, உங்களுக்கு இது விளங்கும். போய் வந்தவர்கள் தங்கள் அலுமாரியில் இடமில்லையென்று கோட்டுகளை என் வீட்டில் கொண்டுவந்து போடத் தொடங்கினார்கள். இப்போது என் அலுமாரியில் எனக்கு இடமில்லை.

பஸ் தரிப்பிலிருந்து

கோட்டைவிட முக்கியம், அதோடு நான் கொடுக்கும் வானிலை. அது மகள் மதுராவின் உபயம். நாலு வருஷமாக அவளுக்கு மொன்றியலில் வேலை. அங்கே காலை எட்டு மணி, இங்கே பின்னேரம் ஆறரை. பனிக்குள் பஸ்ஸுக்கு நின்றபடி போன் எடுப்பாள். “அம்மா, பஸ் வருமட்டும் என்னத்தையாவது கதையுங்கோ, இல்லாட்டி விறைச்சுப் போவன்.”

கதைப்பேன். மேல்வீட்டுக்காரியின் தண்ணீர்த் தாங்கி வழிந்தது, சந்தையில் மீன்காரனோடு பிடித்த சண்டை, அவளுடைய அப்பாவின் புதுப் பிடிவாதம். இடையில் அவள் “இண்டைக்கு மைனஸ் பதினெட்டு” என்பாள். யாருக்கு எந்தக் கோட்டு என்று அதை வைத்துத்தான் தீர்மானிப்பேன். ஒருநாள் பஸ் நேரத்துக்கே வந்து கதையை அறுத்துவிட்டது. என் கணவர் பேப்பரை மடக்காமலே சொன்னார்: “நீர் ஏசின ஏச்சு அந்த ட்ரைவருக்கே கேட்டிருக்கும்.”

ஏசிக்கு நேரே நில்லுங்கள்

கொழும்பு வெக்கையில் கோட்டைப் போட்டுப் பார்க்கிற எவரும் மெல்லியதே போதும் என்பார்கள். அதனால் ஏசியைப் பதினாறில் விட்டு, அதற்கு நேரே பத்து நிமிஷம் நிற்கவைத்த பிறகுதான் பேச்சு. இது என் சட்டம்.

இந்தமுறை கொட்டாஞ்சேனையிலிருந்து ஃபரீதா வந்தார். லண்டனிலுள்ள மகளிடம் போகிறவர். ஏசிக்கு முன்னால் நின்று யோசித்துவிட்டு, கோட்டைக் கழற்றிக் கையில் தந்தார். மகள் வீட்டு முற்றத்தில் பூ காலம் தப்பிப் பூத்துவிட்டதாம். இங்கே களனி ஆற்றோரம் அவருடைய தங்கச்சி வீட்டுக்குள் கடைசி மழைக்குக் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். அவர் சொன்னார்: “அங்க பூவுக்கும் காலம் தெரியல்ல, இங்க ஆத்துக்கும் காலம் தெரியல்ல. கோட்டு வாணாம் மிஸிஸ், நல்ல குடையொண்டு இருந்தா தாங்க.”

போன வருஷத்து மைனஸ்

இனி என் குற்றம். இந்தக் குளிர்காலம் மொன்றியலிலும் பனியில்லாமல் வந்தது. ரோட்டு காய்ந்து கிடக்கிறதென்று மதுரா சைக்கிள் வாங்கிவிட்டாள். சைக்கிள் ஓடிக்கொண்டு கதைக்க முடியாது. பஸ் தரிப்பு இல்லை, ஆறரை மணியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்து, பிரஷர் குளிசை போட்டேனா என்று டொக்டர் மாதிரி விசாரிப்பாள். அவ்வளவுதான்.

சாந்தி போகுமுன் “அங்க இப்ப எப்படிக் குளிர்?” என்று கேட்டபோது, ஆறரைக்குப் போன் அடித்து ஒன்பது நாளாகியிருந்தது. போனில் வானிலையைத் தட்டிப் பார்த்திருக்கலாம். “மகள் இப்ப எடுக்கிறதில்லை” என்றும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “மைனஸ் பதினெட்டு” என்றேன். போன வருஷத்துக் கணக்கு. நம்பட்டும் என்று இரண்டாவது கோட்டையும் எடுத்துக் கொடுத்தேன்.

அதனால்தான் கோட்டுகளைத் திருப்பித் தந்த அன்று அவள் ஏசியதை வாய் திறக்காமல் கேட்டேன். நான் வாய் திறக்காமல் இருந்ததில் அவள்தான் பயந்துபோனாள். முழுவதையும் சொன்னேன். போகப் புறப்பட்டவள் கதிரையை இழுத்து உட்கார்ந்து, மேசையில் தான் போட்ட கோட்டுகளைத் தானே மடித்தாள். “எனக்குப் பொய் சொன்னது போகட்டும் அக்கா. பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கோ.”

ஆறரை

கொன்வென்டில் சிஸ்டர் நாலு பருவங்களையும் நாலு நிறச் சோக்கில் கீறிப் படிப்பித்தார். நம்மிடம் மழையும் வெயிலும் மட்டும்தான் இருந்தன, ஆனாலும் மனப்பாடம் செய்தோம். பனி கொட்ட வேண்டிய இடத்தில் கொட்டாவிட்டால் அது நல்லதுக்கல்ல என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் பின்னேரங்களில் நான் சாமிப் படத்துக்கு முன்னால் கேட்டது உலகத்துக்காக அல்ல. சொந்தப் பிள்ளையின் விரல் விறைக்கட்டும் என்று கேட்ட தாய் நான்.

நேற்று ஆறரைக்கு மதுராவுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். இதை எழுதும்வரை அதைக் கேட்டதற்கான நீல அடையாளம் விழவில்லை. உலகம் சூடாவதால் நாடு நாடாக அழிவு என்கிறார்கள், என் முறைப்பாடோ ஒரு பஸ் தரிப்பு காலியானதைப் பற்றி மட்டும்தான். அனுப்பிய மெசேஜ் இதுதான்:

“மது, குளிராட்டிலும் பரவாயில்லை. கிழமையில ஒருநாள் சைக்கிளை வீட்டில விட்டிட்டு பஸ்ஸில போ பிள்ளை. வருமட்டும் நான் கதைக்கிறன்.”