ஏழரை பஸ்ஸும் எம்.ஏ. இதழியலும்

பத்திரிகைத் தொழிலில் கேள்வி கேட்பவர்கள் நாம்தான் என்று சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். சேர்ந்த பிறகு ஊரே நம்மைக் கேள்வி கேட்கும். "எந்த டிவியில வருவே?" என்று கேட்கப்படாத இதழியல் மாணவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

என் அப்பா இலுப்பூரில் உரக்கடை வைத்திருக்கிறார். புதுக்கோட்டையில் என்னை எம்.ஏ. சேர்த்தபோது ஒரே நிபந்தனைதான் போட்டார். படிப்பு முடிவதற்குள் பேப்பரில் என் பெயர் வர வேண்டும். வராவிட்டால் பி.எட்.

முக்கியமானது முதலில்

முக்கியமான தகவலை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் முதல் பாடம். அம்மா அந்தப் பாடம் படிக்கவில்லை. ஒருநாள் நான் காலேஜில் இருந்தபோது போனில் அத்தை வந்தது, பால் திரிந்தது, கறிவேப்பிலைக்கு அலைந்தது எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், அப்பா பி.எட். காலேஜில் இடம் சொல்லி வைத்துவிட்டார் என்றார். இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று கத்தினேன்.

"மொதல்லயே சொன்னா நீ போனை வச்சிருவியே."

பெயர் மட்டும் வேண்டாம்

இலுப்பூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் ஸ்டாப்பில் காலை ஏழரை பஸ் நிற்காது. அதன் பின்னால் ஓடியவர்களில் நானும் ஒருத்தி என்பதால், ப்ராஜெக்ட்டுக்கு அதையே எடுத்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த எல்லோரும் பொரிந்து தள்ளினார்கள். பெயர் கேட்டதும் கப்சிப். நாளைக்கும் அதே பஸ்ஸில்தானே ஏற வேண்டும்? ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர்தான் மனமிரங்கினார்.

"எம் பேரு வேணாம்மா. எங்க நாத்தனா பேரைப் போட்டுக்க, அவ பஸ்ஸுலயே போறதில்ல."

எதிர்த்தரப்பு

எதிர்த்தரப்பு பேசாவிட்டால் அது செய்தியில்லை, மனு என்று துறைத்தலைவர் மேடம் நான் எழுதியதைத் திருப்பித் தந்துவிட்டார். பஸ் கிளம்பும் இலுப்பூர் ஸ்டாண்டுக்கே போய் அந்தக் கண்டக்டரைப் பிடித்தேன். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். அவரோ முன் சீட்டில் உட்காரவைத்து, எங்கள் ஊர் வந்ததும் கையைக் காட்டினார். ஸ்டாப்பில் ஒரு ஆள் இல்லை. நிழலுக்காக அத்தனை பேரும் தள்ளியிருக்கிற டீக்கடையில் நின்று, பஸ்ஸைப் பார்த்த பிறகு ஓடிவந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நின்ற காலம்வரை எனக்கு இது உறைத்ததே இல்லை. கண்டக்டர் தன் பெயரையும் தைரியமாகச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"ஸ்டாப்புல ஆளில்ல, ஆளு நிக்கிற எடத்துல ஸ்டாப்பில்ல. நா எங்கிட்டும்மா விசிலடிக்கிறது?"

பேப்பரில் வந்தது

நான் பயிற்சிக்குப் போன நாளிதழில் அது வந்தது. கண்டக்டர் பெயர் இருந்தது. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நமது நிருபர்'. அப்பா முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செய்தியைப் பார்த்துப் பஞ்சாயத்தில் ஸ்டாப்பில் கீற்றுப் பந்தல் போட்டார்கள். ஆட்கள் அங்கே நின்றார்கள், பஸ்ஸும் நின்றது. ஒருநாள் எனக்குத் தாமதமாகிவிட்டது. அப்பா வண்டியில் கொண்டுவந்து விட்டார். பஸ் கிளம்பாமல் நின்றிருந்தது. பேப்பரில் எழுதின புள்ள வந்தால்தான் எடுப்பேன் என்று கண்டக்டர் படியில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏறு ஆத்தா. பி.எட். வேணாம்னு நா இன்னைக்கே சொல்லிர்றேன்."

பஸ் நிற்காத காலத்தில் வகுப்புக்குத் தாமதமாகப் போக எனக்கென்று ஒரு நல்ல சாக்கு இருந்தது. செய்தி எழுதி அதையும் கெடுத்துக்கொண்டேன்.