மூன்றாம் மாடிக் குடியரசு

ஜனவரி முதலாம் திகதி. பூசை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே கதவில் தட்டு விழுந்தது. திறந்தால் எதிர்வீட்டு மடாம், இரண்டு கையாலும் ஒரு பெரிய சட்டியை ஏந்திக்கொண்டு நிற்கிறார். மூடியைத் தள்ளிக்கொண்டு பூசணிக்காயும் இறைச்சியும் கொச்சிக்காயுமாக ஆவி வந்தது. நான் வரச்சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. நேரே குசினிக்குள் போய் எங்கள் கோப்பைகளை எடுத்து ஊற்றத் தொடங்கிவிட்டார். ஹெயிட்டி நாட்டு மனிசி. மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவர் வீடும் எங்கள் வீடும் எதிர் எதிர். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் அவரும் நானும் பக்கம் பக்கம். அவர் பிரெஞ்சில் சொன்னதையெல்லாம் இங்கே யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுதுகிறேன். என் தலைக்குள் மடாம் அப்படித்தான் கதைக்கிறார், நான் என்ன செய்ய.

அந்தச் சூப் அவர்கள் நாட்டின் சுதந்திரச் சூப். அடிமைகளாக இருந்தபோது அதைக் காய்ச்சியது இவர்கள், குடித்தது துரைமார். பிரெஞ்சுப் படையை அடித்துத் துரத்திக் குடியரசான நாளில் எல்லாரும் குடித்தார்களாம். அந்த வருடம் நாட்டுக்கு இருநூறு வயது. "இருநூறு வயசெண்டாலும் குடியரசுக்கு அது குழந்தை வயசுதான், இன்னும் தவழுது" என்றார் மடாம். பிறகு தொடங்கினார் பாருங்கள். சண்டை பிடித்தது ஊர் முழுக்க. காணியெல்லாம் போனது தளபதிமாருக்கும் படித்த வெளிர்நிறக் குடும்பங்களுக்கும். ஒருவன் தன்னை அரசன் என்றான், இன்னொருவன் ஆயுட்கால ஜனாதிபதி என்றான். சட்டமெல்லாம் பிரெஞ்சில், சனம் கதைப்பது கிரியோலில். கோப்பி நட்ட கமக்காரனின் வரியில் தலைநகரத்தில் விருந்து. நாட்டுப்புறத்து ஆட்களுக்கு அவர்கள் பாஷையில் பெயரே 'வெளியாட்கள்' என்றுதானாம். கடைசியில் தகப்பன் ஆண்டு, தகப்பனுக்குப் பின் மகன் ஆண்டு, அந்தக் காலத்தில்தான் மடாம் விமானம் ஏறினார்.

என் மனிசன் விடுவாரா? துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர், வாய் சும்மா இருக்காது. எங்கள் நாட்டிலும் தகப்பனுக்குப் பின் மகன், மாமனுக்குப் பின் மருமகன், புருசனுக்குப் பின் பெண்சாதி, அவவுக்குப் பின் மகள் என்று விரல் மடித்துக் காட்டினார். வெள்ளைக்காரன் போனதும் இங்கிலிஷ் தெரிந்தவன் கதிரையில் இருந்தான், மற்றவன் கதிரை துடைத்தான் என்றார். எந்த நாடு மோசம் என்று இரண்டு பேரும் சூப் ஆறும்வரை ஏலம் கூறினார்கள். நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்து மொழிபெயர்த்து, என் கோப்பை அப்படியே இருந்தது.

பேச்சு பிறகு எங்கள் கட்டடத்துக்கு வந்தது. அது கூட்டுறவுக் குடியிருப்பு. குடியிருப்பவர்கள்தான் சொந்தக்காரர், வருடத்துக்கு ஒருமுறை கூடி நிர்வாகக் குழுவைத் தெரிவு செய்ய வேண்டும். கேட்க நல்லாய்த்தான் இருக்கும். கட்டடம் தொடங்கிய நாள் முதல் அதே தலைவர், அதே செயலாளர், அவர்களுடைய அதே சிநேகிதர்கள். கெட்ட மனிதர்கள் என்று சொல்லமாட்டேன். தலைவர் கண்டால் தொப்பியைத் தூக்கி 'பொன்ஜூர்' சொல்லுகிற மனிதர். ஆனால் விதிமுறைப் புத்தகம் காணி உறுதி முடிக்கிற நோத்தாரிமார் எழுதுகிற பிரெஞ்சில் இருந்தது, அதை வாசித்து விளங்கியவர்கள் அவர்கள் மட்டும்தான். எந்த வீடு காலியானாலும் எங்களுக்குத் தெரியவர முதலே அவர்களுடைய ஆள் ஒருவர் திரைச்சீலை போட்டுவிடுவார். மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான்.

அந்த வசந்தத்தில் கீழ்வீடு காலியாக இருந்தது. மடாமுக்கு அது வேண்டும். இரண்டு முழங்காலும் போய்விட்டன. நாள் முழுக்க சீமெந்துத் தரையில் நின்று தட்டு அடுக்கிவிட்டு வந்து, மூன்று மாடியும் ஏறுவதற்கு அவர் படும் பாடு எனக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் நின்று சுவரோடு சாய்ந்து மூச்சு வாங்குவார். நான் அவருடைய பையையும் தூக்கிக்கொண்டு, வேறு எதையோ பார்ப்பதுபோல நிற்பேன். இந்தக் கீழ்வீடு கிடைக்காவிட்டால் வேலையையோ எங்கள் கட்டடத்தையோ விட்டுப் போக வேண்டியதுதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மடாம் போனால் எனக்குப் பக்கத்தில் நின்று தட்டு அடுக்க யார்?

ஆகவே மடாம் திட்டம் போட்டார். குழுவில் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் வேண்டும். தான் நின்றால் தமிழர் கை தூக்கமாட்டார்கள், என் மனிசன் நின்றால் தமிழரும் தூக்குவார்கள், ஹெயிட்டிக்காரரும் தூக்குவார்கள். கணக்குச் சரிதான். என் மனிசனுக்கும் உள்ளூரச் சந்தோசம். கூட்டத்துக்கென்று சேர்ட் அழுத்தி, சட்டைப்பைக்குள் நன்றியுரையும் எழுதி வைத்திருந்தார்.

கூட்டத்தில் மடாம் எழும்பி இவரின் பெயரைச் சொன்னார். தலைவர் இவரைப் பார்த்து, சம்மதமா என்று கேட்டார். எங்கள் ஊரில் கோயில் சபை என்றாலும், வாசிகசாலை என்றாலும் வழக்கம் என்ன? பெயர் சொன்னால் முதலில் வேண்டாம் என்னவேண்டும். சபை வற்புறுத்த வேண்டும். இன்னொருக்கால் வேண்டாம் என்னவேண்டும். பிறகுதான், எல்லாரும் இவ்வளவு கேட்கிறபடியால் என்று கும்பிட்டுக்கொண்டு எழும்ப வேண்டும். உடனே ஓம் என்றால் பதவிக்கு அலைகிறவன் என்று பெயர் வந்துவிடும். இவர் தலையைக் குனிந்து, மெல்லச் சிரித்து, "நோ, நோ, மெர்சி" என்றார்.

தலைவர், இவர் மறுத்துவிட்டார் என்று எழுதிவிட்டு அடுத்த பெயர் கேட்டார்.

இவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வற்புறுத்துவதற்கென்று வாயைத் திறந்த எங்கள் ஆட்கள் திறந்தபடியே இருந்தார்கள். மடாம் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் கதிரைக்குள் புதைந்து போனேன். இனிப் பெயர் இல்லையா, முடிக்கட்டா என்று தலைவர் கேட்கிறார். அப்போது இவர் எழும்பினார். பதற்றத்தில் பிரெஞ்சு பறந்துவிட்டது. "நான் மடாமை முன்மொழியிறன்" என்று தமிழிலேயே சொல்லி விரலால் காட்டினார். பின்வரிசையில் இருந்த மாஸ்டர் ஒருவர் பழக்கதோசத்தில் "வழிமொழியிறன்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். தலைவர் கேள்வியை முடிக்கவில்லை, மடாம் "உய்" என்று விட்டார். ஓம் என்பதை அப்படிச் சபையில் போட்டுடைக்கலாமா? பக்கத்தில் இருந்த மனிசி என்னை இடித்து, "என்ன கூச்சமில்லாத பொம்பிளையடி" என்றாள். சொல்லிக்கொண்டே கையையும் தூக்கினாள். எங்கள் ஆறு தமிழ் வீடும் தூக்கியது, ஹெயிட்டிக்காரரும் தூக்கினார்கள். மடாம் குழுவுக்குள் போனார்.

கீழ்வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கிற மாலை, நான் இரண்டாம் மாடிக் கூட்ட அறைக்கு வெளியே படியில் காத்திருந்தேன். உள்ளே போன சூட்டோடு மடாம் வெளியே வந்துவிட்டார். சண்டை ஏதும் பிடித்துவிட்டாரோ? இல்லை. கதைக்கப் போவது தன் விசயம், அதனால் தான் வெளியே இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. இதற்காகத்தானே இவ்வளவு பாடு, உங்களுடைய ஒரு வாக்கையும் போட்டிருக்கலாமே என்று கத்தாத குறையாகக் கேட்டேன்.

"பிள்ளை, எங்கட நாட்டிலை அரண்மனைக்குள்ளை போனவன் ஒருத்தனும் தானாய் வெளியாலை வரேல்லை. அதாலைதான் நான் மொன்றியலிலை இருக்கிறன்."

நான் தள்ளி இருந்து படியில் இடம் விட்டேன். மடாம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கழித்து இன்றைக்கு நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். தலைவர்கள் பலர் மாறிவிட்டார்கள். தன்னுடைய விசயம் வந்தால் யாராக இருந்தாலும் எழும்பி வெளியே படியில் போய் இருக்கிறார்கள். அது எந்த விதிமுறைப் புத்தகத்திலும் இல்லை. புதிதாக வந்த பிள்ளைகள் அது கியூபெக் சட்டம் என்று நினைக்கிறார்கள், நானும் திருத்துவதில்லை.

அன்றைக்கு அந்தக் கதவு திறந்தது. தலைவர் தானே வந்தார். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. கீழ்வீடு உங்களுக்குத்தான் மடாம், ஒருவரும் எதிர்க்கவில்லை என்றார். மடாம் எழும்பப் பார்த்தார். முழங்கால் பூட்டிவிட்டது, திரும்பவும் படியிலேயே பொத்தென்று இருந்தார். இருந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கினார், சிரிப்போடு கண்ணீரும் ஓடியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. நான் ஒரு கையைப் பிடிக்க, தலைவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மற்றக் கையைப் பிடித்தார். வீட்டை இப்போதே பார்க்க வேண்டும் என்று மடாம் ஒரே பிடி. இறங்கும்போது படிக்கொரு ஏச்சு: முந்தின வீடுகள், ஒளித்து வைத்த விளம்பரங்கள், விளங்காத பிரெஞ்சு. தலைவர் எல்லாவற்றுக்கும் "உய் மடாம், உய் மடாம்" என்றபடி வந்தார்.

வெறும் வீட்டுக்குள் போனவர் அறை அறையாக நடந்தார். ஒரு படிகூட இல்லாமல் குசினிக்கும் படுக்கை அறைக்கும் போய் வந்தார், பிறகும் போனார். சரி, நாளைக்குச் சாமான் இறக்கலாம், இப்போது மேலே போவோம் என்று நான் கூப்பிட்டேன். மடாம் மாட்டேன் என்று விட்டார். என் மனிசனும் தலைவரும் சேர்ந்துதான் அன்றைக்கு மெத்தையைக் கீழே இறக்கினார்கள்.