நான்காம் சேனல்

பெரம்பலூரைச் சேர்ந்த ஒரு மெல்லிசைக் குழுவின் ஒலியமைப்பாளர் சிங்காரவேலு. மிக்சரில் சேனல்களை அமைப்பதில் அவருடைய முறை மாறியதே இல்லை. ஒவ்வொரு மைக்கின் வயரையும் அதற்குரிய இடத்தில் செருகுவார். அதன் கீழே வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதுவார். பாடுபவரை உரத்துப் பாடச் சொல்லி, சிவப்பு விளக்கு மினுங்கும் இடத்திலிருந்து, மைக் ஒலியை வாங்கும் அளவான கெயினைச் சற்றே குறைப்பார். அதன்பின் குரலுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஃபேடர் என்னும் தள்ளுகுமிழை உயர்த்தினால் மைதானத்து ஸ்பீக்கர்களுக்குப் போகும் வழி. மற்றது, பாடுபவர் தம் குரலைத் தாமே கேட்பதற்காகக் காலடியில் வைக்கப்படும் மானிட்டருக்குப் போகும் வழி. முதலாவதை அடைத்தாலும் இரண்டாவது ஒலிக்கும்.

நான்காம் சேனல் அவர் மனைவி கவிதாவுடையது.

தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கவிதாவின் குரல் பிசிறத் தொடங்கியது. குழுவை நடத்தும் நல்லதம்பி ஒருநாள் சிங்காரவேலுவைத் தனியே அழைத்தார்.

"அண்ணே, அக்காவ நிறுத்துங்கன்னு நான் சொல்லல. மானிட்டர்ல மட்டும் வுடுங்க. கூடப் பாடுற பூங்குழலி குரல் வெளிய கேட்டாப் போதும்."

"அவளுக்குத் தெரிஞ்சுட்டா?"

"நீங்க சொன்னாத்தானண்ணே தெரியும்."

மேடை இல்லாத மாதங்களில் கவிதா வீட்டில் யாரோடும் பேசாமல் கிடந்ததைப் பார்த்திருந்த சிங்காரவேலு இசைந்தார். தனிப் பாடல்கள் இளையவளான பூங்குழலிக்குப் போயின. கவிதா சேர்ந்து பாடினார். நிகழ்ச்சிக்கு முந்தைய மைக் சோதனையின்போது அவர் குரல் மைதானம் முழுவதும் ஒலிக்கும். நிகழ்ச்சி தொடங்கியதும் ஃபேடர் கீழே இறங்கிவிடும். ஊர் திரும்பும் வேனில் கவிதா கேட்பார்: "இன்னிக்கு எப்படிங்க இருந்துச்சு?" "நல்லா இருந்துச்சு" என்பார் கணவர்.

திருமழபாடியில் பங்குனித் திருவிழா. பொழுது சாயும் நேரம். இரண்டு பாடல்களுக்கு நடுவே, கீழப்பழுவூரிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த செல்வம்மாள் என்ற பெண் அழுதபடி மேடையோரம் வந்தார். மகளைக் கூட்டத்தில் காணவில்லை. கொள்ளிடம் ஆறோ கூப்பிடு தூரத்தில். கவிதா உடனே தம் மைக்கில் அறிவித்தார்: "பச்சப் பாவாடை போட்ட புள்ள, பேரு தேவயானி. பாத்தவங்க மேடைக்கிட்ட கூட்டியாங்க."

சிங்காரவேலு மிக்சருக்குப் பின்னால் குனிந்து தளர்ந்த வயரொன்றை இறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் எதுவும் வராததால் அவரும் நிமிரவில்லை.

"யக்கா, மைக்கு எடுக்கலியே" என்றார் செல்வம்மாள்.

"எடுக்குதும்மா. எனக்குக் கேக்குதே."

"உங்களுக்குக் கேக்குது. சனம் திரும்பலியே."

கவிதா இம்முறை கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி அறிவித்தார். ஒரு தலையும் திரும்பவில்லை. பூங்குழலியின் கையிலிருந்த மைக்கை வாங்கி அதையே சொன்னார். பிசிறிய அக்குரலுக்கு மைதானமே திரும்பியது. பலூன் கடையருகே நின்ற சிறுமியை யாரோ தூக்கி வந்தார்கள். நிமிர்ந்த சிங்காரவேலு, மனைவியின் கையிலிருந்தது யாருடைய மைக் என்பதைக் கண்டார்.

மீதிப் பாடல்களுக்குக் கவிதா தம் இடத்தில் வாய் திறக்காமல் நின்றார். வெளியே எந்த வேறுபாடும் இல்லை. கைத்தட்டலும் குறையவில்லை.

முடிந்தபின் மிக்சரருகே வந்தார். டேப்பில் அவர் பெயர் திருத்தமாக எழுதப்பட்டிருந்தது. ஃபேடர் அடியில் கிடந்தது.

"எப்பலேருந்துங்க?"

"ஆபரேசன் முடிஞ்சு நீ வந்ததுலேருந்து."

"பூங்குழலிக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"டெஸ்ட் பண்றப்ப இன்னும் சத்தமாப் பாடு, இன்னும் சத்தமாப் பாடுன்னீங்களே. அது எதுக்கு?"

சிங்காரவேலு குனிந்து வயர்களைச் சுருட்டத் தொடங்கினார்.

கவிதா அதன்பின் மேடை ஏறவில்லை. நான்காம் சேனலில் இப்போது கீபோர்டு. அவளுக்காகத்தான் செய்தேன் என்று சிங்காரவேலு இன்றும் சொல்கிறார். கவிதா சொல்வது வேறு: "பாடாதன்னு சொல்லியிருந்தா ஒரு வாரம் அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன். இப்ப கொழம்பு நல்லாருக்குன்னு சொன்னாக்கூட, பக்கத்து வூட்டுல குடுத்துக் கேட்டுக்கறேங்க."