கேம்டன் லொக்கில் நான் விட்ட கயிறு

1. எல்லையில் ஒரு தேத்தண்ணி

வேலைக்குச் சேர்ந்து நான் போன முதல் பயணத்திலேயே, என்னால் ஒரு படகு அரைநாள் மறித்து வைக்கப்பட்டது.

எண்பதுகளின் கடைசி அது. லண்டனின் மேற்குப் பக்கம், கால்வாய்க் கரையில் இருந்த ஒரு பட்டறையில் எனக்கு எஞ்சின் திருத்தும் வேலை. பெல்ஜியத்தில் பழைய படகுகளை மலிவாக வாங்கி, ஓட்டிக்கொண்டு வந்து, வீடாக மாற்றி விற்பது முதலாளி பிரையனின் தொழில். அங்கே கால்வாயில் இறங்கினால் பிரான்சுக்குள் புகுந்து, கலேயில் கடலைக் காணும்வரை ரோட்டே தேவையில்லை. காலநிலை பார்த்துக் கடலைத் தாண்டி, தேம்ஸுக்குள் வந்தால் லைம்ஹவுசில் மறுபடியும் கால்வாய் தொடங்கும்.

கால்வாயில் எல்லை என்றால் ஒரு பாலம், அதிகாரி இருக்கிற ஒரு சின்னக் கந்தோர், அவ்வளவுதான். பிரையனின் பாஸ்போர்ட்டை அதிகாரி திறந்துகூடப் பார்க்கவில்லை. என்னிடம் இருந்ததோ குரோய்டனில் வரிசையில் நின்று வாங்கிய அகதிப் பயணப் பத்திரம். அதை வெளிச்சத்தில் பிடித்தார், விசாவை நகத்தால் சுரண்டினார், டெலிபோனை எடுத்தார். எங்களுக்குப் பின்னால் வந்த மணல் படகுகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. போகிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

பிரையன் எதற்கெடுத்தாலும் கெட்ட வார்த்தை பேசுகிற மனுசன். பிஸ்கட் தருவதிலும் மகா கஞ்சன். அன்று மட்டும் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கையில் தந்தார். அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

2. கப்பல் எஞ்சினியர்

நான் லூயிஷாமில் அக்கா வீட்டில் இருந்தேன். எனக்குப் பெண் பார்த்தவர் அத்தான். ஸ்ட்ரெதமில் இருந்த நல்லதம்பி ஐயா ஊரில் பெரிய புடவைக்கடை வைத்திருந்தவர். லண்டனுக்கு வந்து கொஞ்சக் காலம்தான், ஆங்கிலம் பிடிபடவில்லை. அவருடைய இளைய மகளைக் கோயிலில் வைத்துக் காட்டினார்கள்.

“தம்பி என்ன வேலை?” என்று ஐயா கேட்டார்.

“வெளிநாட்டுக்குப் போய் வாற கப்பலில எஞ்சினியர்,” என்று அத்தான் முந்திக்கொண்டார்.

நான் அதைத் திருத்தவில்லை. பிறகு பிரசாதம் வாங்கும் இடத்தில் அந்தப் பிள்ளை என்னிடம், “கப்பல் ஆட்டத்தில வயித்தைப் பிரட்டிச் சத்தி வராதோ?” என்று கேட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே விழுந்துவிட்டேன். இந்தக் கலியாணம் நடக்கவேண்டும் என்பதைத் தவிர அதன் பிறகு எனக்கு வேறு நினைப்பு இல்லை.

எங்கள் ஆட்களிடம் எஞ்சினியர் என்றால் இருக்கச் சொல்லிக் கதிரை இழுத்துப் போடுவார்கள். தோணி, கயிறு என்றால் முதலில் சாதியைத்தான் நினைப்பார்கள். அது எனக்கும் நன்றாகத் தெரியும்.

3. பாலத்தில் நின்றவர்

அடுத்த பயணம் முடிந்து, லைம்ஹவுசிலிருந்து ஒவ்வொரு லொக்காக ஏறி, ஒரு சனிக்கிழமை கேம்டனுக்கு வந்தோம். லொக் என்பது இரண்டு பக்கமும் கதவு போட்ட தண்ணீர்த் தொட்டி. படகை உள்ளே விட்டுத் தண்ணீரைத் திறந்தால் படகு மேலே ஏறும். பிரையன் கரையில் நின்று தண்ணீரைத் திறப்பார். நான் படகில் நின்று, கரையிலுள்ள இரும்புக் குற்றியைச் சுற்றி வரும் கயிற்றைப் பிடிக்க வேண்டும். படகு ஏற ஏறக் கயிறு தளரும், தளரத் தளர இழுக்க வேண்டும். விட்டால் தண்ணீர் படகைத் தூக்கி அடிக்கும்.

சந்தைக்கு வந்த சனம் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. நடுவில் நல்லதம்பி ஐயா. விருந்தாளிகளுக்குப் பக்கத்திலுள்ள மிருகக்காட்சிச்சாலை காட்ட வந்திருக்கிறார்.

நான் ஓவரோல் உடுப்பில் இருந்தேன். முகமெல்லாம் கரி. கயிற்றை விட்டுவிட்டு எஞ்சின் அறைக்குள் பாய்ந்து இறங்கினேன்.

மேலே தண்ணீர் இரைந்தது. படகு ஆடி, சுவரில் இடித்தது. பிரையன் கத்தினார். ஏறி வந்து பார்த்தால், ஓடுகிற கயிற்றைப் பிடிக்கப் போன அவருடைய கை, கயிற்றுக்கும் குற்றிக்கும் இடையில் மாட்டியிருந்தது. எப்படியோ தளர்த்தி எடுத்தேன். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

யாரோ அம்புலன்சுக்குப் போன் பண்ண ஓடினார்கள். ஐயா பாலத்திலிருந்து இறங்கி எங்களிடம் வந்தார்.

“தம்பி, இதுவோ உம்மட கப்பல்?”

“ஓம் ஐயா.”

அவர் பிரையனைப் பார்த்தார். “பாவம் மனுசன். கைக்கு என்ன நடந்தது எண்டு கேட்டுச் சொல்லும்.”

கேட்டேன். பிரையன் பல்லைக் கடித்துக்கொண்டு, “நீ எஞ்சினில் ஏதோ கோளாறு கேட்டுத்தானே இறங்கினாய்? உன்னைக் கேட்காமல் தண்ணீரைத் திறந்தது என் பிழை,” என்றார்.

இதை அப்படியே தமிழில் சொன்னால் நான் தப்பிவிடலாம். என்னால் ஏலவில்லை. அவர் சொன்னதையும் சொன்னேன், பிறகு, எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, உங்களைக் கண்டு வெட்கப்பட்டு ஒளித்தேன், அதனால்தான் அவருடைய கை போனது என்றும் சொன்னேன்.

“அவர் இவ்வளவு நேரம் கதைக்கேல்லையே?”

“மிச்சம் நான் சொன்னது ஐயா.”

ஐயா பிரையனைக் கையால் காட்டினார். “எனக்குச் சொல்லிப்போட்டீர். அவருக்குச் சொன்னீரோ?”

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. ஆங்கிலத்தில் சொன்னேன். பிரையன் தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பிறகு, “இப்போதாவது போய்க் கயிற்றைப் பிடி,” என்றார். பாலத்தில் சனம் பார்த்துக்கொண்டிருக்க, ஐயாவுக்கு முன்னால் பிடித்தேன்.

4. வந்த பதில்

இரண்டு கிழமை கழித்து, ஐயாவின் பதிலோடு அத்தான் வந்து என் கட்டிலில் இருந்தார்.

“சரிவரேல்லையடா. ஒளிச்சதுக்கு இல்லையாம். உண்மையைச் சொன்னது அவருக்குப் பிடிச்சிருக்கு. ஆனா தோணி வேலை எண்டா நாலு சனம் என்ன சாதி எண்டு கேக்குமாம்.”

எனக்குக் கோபம் பொங்கியது. என்ன மனுசன், என்ன புத்தி என்று திட்டினேன். நான் ஓய்ந்த பிறகு அத்தான், “நீயும் அதுக்குத்தானே ஒளிச்சனி?” என்றார்.

அந்த எல்லை அதிகாரி என் பத்திரத்தைச் சுரண்டியபோது வந்தது அவமானம், அது அடுத்தவர் தந்தது. இது அப்படியல்ல. ஐயா என்னைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன்பே, அதே முடிவை நான் என்னைப் பற்றி எடுத்திருந்தேன்.

அதன் பிறகு பிரையனோடு பல வருடம் வேலை செய்தேன். அவருடைய அந்தக் கையால் பின்னர் ஒரு போத்தல் மூடியைக்கூட ஒழுங்காகத் திருக முடியவில்லை. படகு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தொழிலைச் சொல்லக் கூசுகிறவன் அந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. அவனுடைய கூச்சத்தால் பக்கத்தில் நிற்கிறவனின் கைதான் உடையும்.