பதினோரு மணி வேகம்

எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயர் ‘ஃபுல் சிக்னல்’. வயர் இல்லாமல் வீட்டுக்கு இணையம் தரும் வெள்ளைப் பெட்டியை விற்பவர். என் தலையிலும் ஒன்றைக் கட்டிவிட்டார். அதனால் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

“மொபைல் டேட்டாங்கறது பாட்டில் தண்ணி சார், குடிச்சா தீந்துடும். இது வீட்டுக்கே குழாய் போட்ட மாதிரி” என்பார். அவர் கம்பெனியின் டேட்டாவும் பெட்டியும் ஒரே செல்ஃபோன் கோபுரத்தை நம்பித்தான் இருக்கின்றன என்பதை மட்டும் மென்று முழுங்கிவிடுவார்.

பெட்டியைக் காட்டக் காலை பதினோரு மணிக்குத்தான் வருவார். தெருவே வேலைக்கும் பள்ளிக்கும் போயிருக்கும் நேரம். ஜன்னலில் வைத்து, வேகம் எகிறுவதைக் காட்டி, கையோடு கையெழுத்து வாங்கிவிடுவார். எங்கள் தெருவில் மட்டும் நாற்பத்தாறு வீடுகளில் மாட்டிவிட்டார். தன் வீட்டில் மட்டும் அவர் வைக்கவில்லை.

இந்நிலையில் அவர் மனைவிக்கு, பத்து வருஷத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்று கூடிவந்தது. இவர் கம்பெனிக்கே வரும் புகார்களைக் கேட்கும் வேலை. சேருவதற்கு முன் ஒரு நாள் சோதனை: மாலை ஆறிலிருந்து ஏழு வரை கணினியில் அழைப்புகளை எடுத்துக் காட்ட வேண்டும். மூன்று முறை இணைப்பு அறுந்தால் வேலை இல்லை.

“என் ஃபோன் டேட்டாவே போதுங்க. அது வேற கம்பெனி, இதுவரைக்கும் கழுத்தறுத்ததில்ல” என்றாராம் மனைவி.

“ஊருக்கெல்லாம் பெட்டி வெச்சவன் பொண்டாட்டி பாட்டில் தண்ணி குடிச்சா என் மானம் என்னாகறது?” என்று இவர் புதுப் பெட்டி கொண்டுவந்து மாட்டினார். வேகத்தையும் சோதித்தார். பழக்கதோஷம், பதினோரு மணிக்கு. தன் வித்தையில் தானே மயங்கிப்போனார்.

சோதனை நாளன்று மாலை ஆறே காலுக்கு என் டிவியில் படம் அசையாமல் நின்றது. தினமும் நடப்பதுதான். இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கீழ்த்தளத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு இறங்கிப் போனேன். கதவு திறந்து கிடந்தது. ஃபுல் சிக்னல் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடிக்கொண்டிருந்தார். மனைவி காதில் ஹெட்போனோடு, “ஹலோ, கேக்குதுங்களா?” என்று கத்திக்கொண்டிருந்தார்.

“ரெண்டு தடவ அறுந்துபோச்சு சார்” என்றார் ஃபுல் சிக்னல். முகத்தில் ஈயாடவில்லை. “காலைல பறந்துச்சே!”

“காலைல தெருவுல யாரு இருந்தா? இப்ப நீங்க போட்ட நாப்பத்தாறு குழாயும் தொறந்திருக்கு. தொட்டி ஒண்ணுதானே?”

குத்திக்காட்டத்தான் சொன்னேன். ஆனால் அந்த அம்மாவின் கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

அந்த அம்மா எழுந்து கணவர் கையிலிருந்த பெட்டியை வாங்கி என்னிடம் கொடுத்தார். தன் ஃபோனின் டேட்டாவில் கணினியை இணைத்தார். அடுத்த நாற்பது நிமிஷம் ஒரு அழைப்புகூட அறுபடவில்லை. ஏழு மணிக்கு மேற்பார்வையாளர், நாளையே வேலையில் சேரச் சொன்னார்.

ஃபுல் சிக்னல் கைகொடுக்க வந்தார். மனைவி ஹெட்போனைக் கழற்றாமலே அவர் பக்கம் திரும்பினார்.

“வணக்கம் சார். பெட்டி எப்பலேர்ந்து வேலை செய்யல?”

“என்னம்மா இது... ஆறு மணிலேர்ந்து.”

“ஜன்னல் பக்கத்துல வெச்சுப் பாத்தீங்களா?”

“எல்லா ஜன்னல்லயும் பாத்தாச்சு.”

“வித்தவர் என்ன சொல்லி வித்தாரு?”

அவர் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். “பாட்டில் தண்ணி, குழாய்னு...” என்று இழுத்தார்.

அதை அப்படியே தட்டெழுதினார் மனைவி. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

“அடுத்தது என்னோடதும்மா.”