அஞ்சு நாள், அஞ்சு வாரம், கட்டம் போட்ட நோட்டு

மூன்று வாரம் முன்பு, டாக்டர் மேஜைமேல் என் நோட்டைப் பெருமையாக விரித்தேன்.

அப்பாவுக்கு மலக்குடலில் புற்றுநோய். ஆபரேஷனுக்கு முன்னால் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, கொஞ்சம் அதிக அளவில் ஐந்தே நாள். மற்றது, தினமும் கொஞ்சமாக ஐந்து வாரம், கூடவே கீமோ மாத்திரை. "வீட்ல கலந்து பேசிட்டு வாங்க" என்று டாக்டர் அனுப்பியிருந்தார்.

வீட்டில் என்றால் யார்? நான்தான்! குடும்பத்திலேயே முதலில் காலேஜ் போனவள் இல்லையா? படித்தது வணிகவியல் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை... நானும்தான்.

போனில் தேடித் தேடிப் படித்தேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். நாட்கள், மாத்திரை, பஸ் பயணம் — மூன்று கலர் பேனா! கந்தர்வக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்கு ஐந்து வாரம் அலைய முடியுமா? ஐந்து நாள்தான் ஜெயித்தது.

டாக்டர் நோட்டைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். "நீங்க என்னங்க நினைக்கிறீங்க?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர்." ஆமாம், சொன்னேன்.

அப்பா துண்டை மடியில் வைத்துக்கொண்டார். "வெளிய ஒக்காந்திருக்க நோயாளிங்க நாலு பேருகிட்ட விசாரிச்சேங்க. எரிச்சல் ரெண்டுலயும் இருக்குமாம், அது கெடக்கட்டும். ஒருத்தரு வயித்துல பை மாட்டியிருக்காரு. மலம் அதுலதானாம், ஆயுசுக்கும். எதைக் குடுத்தா எனக்கு அது வராம இருக்கும்?"

பையா? என் கட்டங்களில் அது எங்கேயும் இல்லை. யோசித்துப் பார்த்தால்... அப்பாவே இல்லை.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒங்களுக்குக் கட்டி ரொம்பக் கீழ இருக்கு. அஞ்சு வாரம் குடுத்துச் சுருங்கவிட்டா, நிரந்தரப் பை இல்லாம முடிக்க வாய்ப்பிருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச மாசம் வேணா தற்காலிகமா பை இருக்கலாம். உறுதி மட்டும் கேக்காதீங்க. எல்லாருக்கும் இதே முறை சரிவராது."

"அப்ப அஞ்சு வாரமே வாரேங்க."

பஸ்ஸில் நான் ஜன்னலைப் பார்த்தபடி வந்தேன். அப்பாதான் பேச்செடுத்தார். "நோட்டு நல்லா இருந்துச்சு ஆத்தா. கோடெல்லாம் நேரா இருந்துச்சு."

சென்ற திங்கட்கிழமை சிகிச்சை தொடங்கிவிட்டது. மெஷினில் படுக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டுமாம். ஆகவே, பட்டதாரி மகளுக்கு ஒரு பொறுப்பு கிடைத்திருக்கிறது — தண்ணீர் பாட்டில் பிடிப்பது.

எத்தனை மணிக்கு நீட்ட வேண்டும் என்பதை அப்பாவே சொல்லிவிடுகிறார்.